பனிக்காலத்தைத் தாண்டும் செடி: வலய எண்ணை எப்படி வாசிப்பது, அதற்கப்பால் எதைப் பார்ப்பது

செடி விற்கும் இடத்தில் நாம் கையில் எடுக்கும் ஒவ்வொரு சாடியிலும் ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை செருகப்பட்டிருக்கும். அதன் முன்பக்கத்தில் பூவின் படம் இருக்கும். பின்பக்கத்தில் வெயில், நீர், உயரம் பற்றிய குறிப்புகளுக்கு நடுவே 'வலயம் 5' என்றோ 'வலயம் 9 முதல் 11 வரை' என்றோ ஓர் எண் இருக்கும். கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் பின்வளவு உள்ள வீட்டுக்குக் குடிவந்த முதல் ஆண்டு நான் அந்தப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜூன் மாதத்தில் செக்கச்செவேலென்று பூத்து நின்ற ஒரு செவ்வரத்தையை வாங்கி, ஊரில் வைப்பதைப் போலவே வேலியோரம் நட்டேன். ஒக்டோபர் கடைசியில் ஒரே இரவில் அதன் இலைகள் அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. அடுத்த இளவேனிலில் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தபோது தோலுக்கடியில் பச்சையும் இல்லை, ஈரமும் இல்லை. பிறகு அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். 9 முதல் 11 வரை என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தச் செடியைச் சாடியிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கலாம். அதே சமயம், எண்ணை மட்டும் நம்பி நட்ட செடிகளும் பின்னாளில் எனக்குப் பட்டுப்போயிருக்கின்றன. எண் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை மண்ணையும் காற்றையும் வேரையும் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டையிலுள்ள எண்

வட அமெரிக்காவில் விற்கும் செடிகளின் அட்டைகளில் காணப்படுவது பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வலய எண்ணாகும். இந்த வரைபடம் 1960இல் முதன்முதலாக வெளிவந்தது. 2023 நவம்பரில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஓரிடத்தில் ஓர் ஆண்டின் மிகக் குளிர்ந்த நேரத்தில் காற்றின் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கியது என்பதை 30 ஆண்டுகளுக்கு எடுத்துச் சராசரி கண்டால் கிடைப்பதே அந்த இடத்தின் வலயம். மொத்தம் 13 வலயங்கள் உள்ளன. ஒவ்வொரு வலயமும் 10 பாகை பாரன்ஹீட் அகலமுடையது. செல்சியஸில் சொன்னால் ஏறத்தாழ ஐந்தரைப் பாகை. ஒவ்வொன்றும் 'ஏ', 'பி' என இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 'ஏ' கூடுதல் குளிரான பாதி. எண் சிறிதாகச் சிறிதாகக் குளிர் கடுமையாகும். வலயம் 5 என்பது -28.9 முதல் -23.3 பாகை செல்சியஸ் வரை, வலயம் 6 அங்கிருந்து -17.8 வரை, வலயம் 7 அங்கிருந்து -12.2 வரை. வலயம் 9 என்றால் -6.7 முதல் -1.1 வரைதான். நான் நட்ட செவ்வரத்தை தாங்கக்கூடிய எல்லை அதுவே. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆண்டின் மிகக் குளிர்ந்த விடியற்காலையில்கூட 15 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இந்த அளவுகோலில் அவை கடைசி எண்களில் வந்து சேரும். ஊரில் நாம் வளர்த்த செடிகளில் பெரும்பாலானவை இங்கே ஏன் வெளியில் நிற்க முடியாது என்பது இந்த ஓர் ஒப்பீட்டிலேயே விளங்கிவிடும்.

இங்கே 'சராசரி' என்ற சொல்லை நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வலயம் 6 என்றால் அதற்குக் கீழே குளிர் போகாது என்று பொருளில்லை. சராசரிக்குக் கீழே போகும் ஆண்டுகளும் அதற்கு மேலே நிற்கும் ஆண்டுகளும் சேர்ந்துதான் அந்த எண் உருவாகிறது. 2023 வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளைக் கொண்டு வரையப்பட்டது. முந்தைய 2012 வரைபடத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்காவின் ஏறக்குறைய பாதிப் பரப்பு, அரை வலயம் வெதுவெதுப்பான பக்கம் நகர்ந்திருக்கிறது. இதைக் கண்டு துணிந்து மென்மையான மரங்களை நடுவோர் உண்டு. 20 ஆண்டுகள் நிற்க வேண்டிய ஒரு மரத்துக்கு, 20 ஆண்டுகளில் ஒரேயொரு முறை வரும் கொடிய இரவே போதும். ஆகவே, விலையுயர்ந்ததும் நெடுநாள் நிற்க வேண்டியதுமான மரத்தை வாங்கும்போது நம் வலயத்தைவிட ஓர் எண் குறைவானதைத் தேடுவதே என் பழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றாலே போதும் என்று நினைக்கும் பூச்செடிக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை.

கனடாவில் வசிப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கனடாவின் சொந்த வரைபடம் 1967இல் வெளிவந்தது. அது மிகக் குளிர்ந்த இரவை மட்டும் வைத்துக் கணக்கிடவில்லை. குளிர் மிகுந்த மாதத்தின் சராசரித் தாழ்நிலை, உறைபனி இல்லாத நாட்களின் எண்ணிக்கை, ஜூன் முதல் நவம்பர் வரையிலான மழை, கோடையின் உச்ச வெப்பம், ஜனவரி மாத மழை, தரையில் கிடக்கும் பனியின் ஆழம், காற்றின் உச்ச வேகம் என்று ஏழு விடயங்களைச் சேர்த்து எடைபோடுகிறது. ஜனவரியில் மழை பெய்தால் செடிக்கு என்ன என்று தோன்றலாம். பனியைக் கரைத்து, வேரை நனைத்து, மறுநாளே உறையவைக்கும் அந்த மழை எத்தனையோ செடிகளைக் கொன்றிருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தவர்கள் தோட்டம் செய்து பார்த்தவர்களாகவே இருக்க வேண்டும். இரண்டு முறைகளும் வேறுபடுவதால் ஒரே முகவரிக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். கனடிய எண் பெரும்பாலும் அரை வலயமோ ஒரு வலயமோ கூடுதலாக இருக்கும். ரொறன்ரோவின் பெரும்பகுதி அமெரிக்க முறையில் 6ஆம் வலயத்தைச் சேர்ந்தது. கனடிய முறையில் ஏரியை ஒட்டிய இடங்கள் 7ஐத் தொடுகின்றன. கனடிய இயற்கை வளத் துறையின் தளத்தில் ஊரின் பெயரைக் கொடுத்து எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த முறை என்று அட்டையில் எழுதியிராவிட்டால் அமெரிக்க எண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறாக இருந்தாலும் செடிக்குக் கேடு வராது.

பிரித்தானியாவில் இருப்பவர்கள் காண்பது வேறோர் அளவுகோல். அரச தோட்டக்கலைச் சங்கம் செடிகளை எச்1 முதல் எச்7 வரை வகுத்திருக்கிறது. அங்கே எண் கூடினால் குளிர் தாங்கும் திறனும் கூடும். அமெரிக்க முறைக்கு நேர் எதிர். எச்7 என்பது -20 பாகைக்குக் கீழும் தாங்கும் செடி. எச்4 என்பது -10 முதல் -5 வரை, எச்3 என்பது -5 முதல் 1 வரை, எச்2 என்பது உறைபனி பட்டாலே கெட்டுவிடும் செடி, எச்1 கண்ணாடி வீட்டுக்கோ வீட்டுக்குள்ளோ உரியது. லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் தம் தோட்டத்தில் நிற்கும் எச்4 செடியைப் புகழ்ந்து சொன்னால், அது கனடாவின் 4ஆம் வலயத்திலும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் அது 8ஆம் வலயத்தை ஒட்டியது.

இந்த எண்கள் எதுவும் சொல்லாத செய்திகள் மூன்று. முதலாவது, கடைசி உறைபனி எப்போது வரும், முதல் உறைபனி எப்போது வரும் என்பது. தக்காளி, கத்தரி, மிளகாய் நடுவோர்க்கு வலயம் உதவாது. அவர்களுக்கு வேண்டியது உறைபனித் தேதிதான். ரொறன்ரோவில் மே மாதத்து விக்ரோறியா தின விடுமுறைக்குப் பிறகு நடுவது நெடுங்கால வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. இரண்டாவது, கோடையின் வெப்பம். சியாட்டிலும் டெக்சாஸின் ஒஸ்ரினும் ஏறக்குறைய ஒரே வலய எண்ணைக் கொண்டவை. சியாட்டிலின் மென்மையான கோடையில் செழிக்கும் செடி ஒஸ்ரினில் ஓகஸ்டைத் தாண்டாது. மூன்றாவது, மண்ணின் ஈரம். இந்த மூன்றாவதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் குளிரைவிட அதனால் இறந்த செடிகளே என் தோட்டத்தில் அதிகம்.

உங்கள் வளவின் சொந்தக் குளிர்

வரைபடம் ஊருக்கு எண் தருகிறது. வளவுக்குள் இருக்கும் வேறுபாட்டை அது காட்டாது. தெற்கு நோக்கிய செங்கல் சுவரின் அடி பகல் வெயிலை வாங்கி இரவில் விடும். அந்த இடம் அரை வலயமாவது மிதமாக இருக்கும். குளிர்ந்த காற்று நீரைப் போலத் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும் என்பதால், சரிவின் அடியிலுள்ள பள்ளத்தில் உறைபனி முதலில் விழும். இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வழி காற்றைக் குழாய் போலக் கூட்டிச் செல்லும். அங்கே பசுமை மாறாத செடிகளை நடாதீர்கள். உயர்ந்த தாழ்ந்த வெப்பநிலை இரண்டையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று அதிக விலையில்லை. அதை ஒரு பனிக்காலம் முழுவதும் வளவின் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் எந்த வரைபடமும் தராத விவரம் கைக்கு வரும்.

வானொலியில் 'காற்றோடு சேர்ந்து -35 போல் உணரப்படும்' என்று சொல்லும்போது தோட்டக்காரர் பயப்படத் தேவையில்லை. அந்தக் கணக்கு, தன் உடல் சூட்டை இழக்கும் மனிதத் தோலுக்குரியது. காற்று எவ்வளவு வீசினாலும் கிளை காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே குளிராது. ஆனால் காற்று ஈரத்தை உறிஞ்சும். அது வேறு ஆபத்து.

பனிதான் சிறந்த போர்வை. தமிழில் நாம் பனித்துளி, உறைபனி, வெண்பனி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் இந்த வேறுபாடு நழுவிப்போகிறது: உறைபனி செடியைக் கொல்லும், தரையில் குவியும் வெண்பனி செடியைக் காக்கும். அதன் துகள்களுக்கிடையே அடைபட்ட காற்றே காப்பு. ஒரு அடி பனி தரையை மூடிக் கிடந்தால், மேலே -20 என்றாலும் அடியிலுள்ள மண் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். இதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ஏப்ரலில் போர்சிதியாப் புதரைப் பாருங்கள். கடுங்குளிர் ஆண்டுக்குப் பிறகு எங்கள் தெருமுனையிலுள்ள புதரில் முழங்கால் உயரம் வரை மஞ்சள் பூக்கள் அடர்ந்திருந்தன. அதற்கு மேலே ஒரு பூவும் இல்லை, வெறும் கிளைகள். ஜனவரியில் பனி எந்த உயரத்துக்குக் கிடந்ததோ அந்த உயரத்தில் கோடு கிழித்தது போல இருந்தது. கிளைகள் சாகவில்லை, சில வாரங்களில் இலை விட்டன. பூமொட்டு இலைமொட்டைவிட மென்மையானது, அதனால் முதலில் இறப்பது அதுதான். பூமரமும் பழமரமும் வாங்குவோர் இதை மறக்கக் கூடாது: மரம் உயிரோடு நிற்கும் வலயம் வேறு, ஆண்டுதோறும் பூத்துக் காய்க்கும் வலயம் வேறு. பீச் மரத்தின் பூமொட்டுகள் ஏறத்தாழ -23 முதல் -25 பாகையில் பெருமளவில் இறந்துவிடுகின்றன. ஒன்ராறியோவின் பீச் தோட்டங்கள் ஏரியின் வெப்பம் காக்கும் நயாகராவில் குவிந்திருப்பதற்கு இதுவே முக்கியமான காரணம்.

ஆகவே நடைபாதையில் வாரும் பனியைப் பூப்பாத்திகளின் மேல் தாராளமாகப் போடலாம். உப்புத் தூவிய பனியை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

செடி குளிருக்குத் தன்னை ஆயத்தம் செய்யும் விதம்

ஜூலையில் -3 பாகை வந்தால் இறந்துவிடும் அதே மேப்பிள் மரம் ஜனவரியில் -30ஐத் தாங்குகிறது. இடையில் நடப்பது ஆயத்தம். ஓகஸ்டில் பகல் சுருங்கத் தொடங்கியதும் செடி வளர்ச்சியை நிறுத்துகிறது. பிறகு இரவுகள் குளிரக் குளிரக் கலங்களுக்குள் சர்க்கரை சேர்கிறது, கலச்சவ்வுகள் மாறுகின்றன. உறையும்போது பனிக்கட்டி கலங்களுக்கு வெளியே உருவாகிறது. கலத்திலிருந்து நீர் வெளியேறி அங்கே சேர்ந்து உறைகிறது. கலம் சுருங்கி வறண்டாலும் உள்ளே கட்டி உருவாகாதவரை உயிரோடிருக்கும். இந்த ஆயத்தத்துக்கு வாரக்கணக்கில் காலம் தேவை. வலய எண், முழுதாக ஆயத்தமான செடி தாங்கும் அளவையே குறிக்கிறது.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கும். ஜூலை கடைசிக்குப் பிறகு மரம், புதர், ரோசா எதற்கும் நைதரசன் உரம் இடாதீர்கள். அது புதுத் தளிரைத் தூண்டும், தளிர் ஆயத்தமாவதற்குள் உறைபனி வந்துவிடும். இலையுதிர்காலத்தில் கத்தரியைக் கையில் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். வெட்டினால் தளிர்க்கும், தளிர்த்தால் கருகும். புதிதாக மரம் நடுவதென்றால் மண் உறைவதற்குக் குறைந்தது ஆறு வாரங்கள் முன்பே நடுங்கள். பசுமை மாறாதவற்றைச் செப்டெம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஆயத்தம் போதாமல் குளிர் வந்தால் என்னவாகும் என்பதைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கு 2024இல் கண்டது. மிதமாகக் கழிந்த டிசம்பருக்குப் பின், ஜனவரி நடுவில் வெப்பநிலை திடீரெனச் சரிந்தது. அந்த ஆண்டின் திராட்சை விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. பீச், அப்ரிக்கொட் மரங்களும் பெரும் சேதம் கண்டன. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை அறிந்தவர்களுக்கே அப்படியென்றால், நம் வீட்டு வளவில் ஒன்றிரண்டு இழப்புகள் வருவது இயல்பே.

வேரும் ஈரமும்

கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. வேருக்கு அந்தத் திறன் தேவைப்பட்டதே இல்லை, ஏனெனில் மண் அதைக் காத்து வந்திருக்கிறது. சாடியில் வளர்க்கும்போது அந்தக் காப்பு போய்விடுகிறது. நாலு பக்கமும் குளிர் நேரே வேரைத் தொடுகிறது. அதனால் பனிக்காலம் முழுவதும் சாடியிலேயே வெளியில் நிற்க வேண்டிய செடி, உங்கள் வலயத்தைவிட இரண்டு எண் குறைவானதாக இருக்கட்டும். ரொறன்ரோவில் சாடிக்கு வலயம் 4 செடி. அப்படி இல்லையென்றால் மூன்றில் ஒரு வழியைச் செய்யுங்கள்: சாடியோடு மண்ணில் புதைத்துவிடலாம்; சூடேற்றாத கராஜில் சுவரோரம் வைத்து மாதம் ஒருமுறை சிறிது நீர் விடலாம்; அல்லது சாடிகளை நெருக்கி வைத்துச் சுற்றிலும் உதிர்ந்த இலைகளைச் சாக்கில் நிரப்பி அடுக்கலாம். மண் சாடிகளை வெளியில் விடாதீர்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், சாடி வெடிக்கும்.

லவெண்டர் எனக்குப் பாடம் கற்பித்தது. அட்டையில் வலயம் 5 என்றிருந்தது. இரண்டு முறை நட்டேன், இரண்டு முறையும் ஏப்ரலில் சாம்பல் நிறக் குச்சிகளே மிஞ்சின. மூன்றாம் முறை தோண்டியபோதுதான் குழியின் அடியில் களிமண்ணில் நீர் தேங்கி நிற்பதைக் கண்டேன். மத்தியதரைக் கடலோரத்துக் கல்மண்ணில் பிறந்த செடி அது. குளிரைத் தாங்கும், குளிர்ந்த சேற்றைத் தாங்காது. கையகலக் கல்லும் பருமணலும் கலந்து தரையைவிட அரை அடி உயர்த்திய மேட்டில் நட்ட பிறகு, அதே இனம் ஏழாவது ஆண்டாக நிற்கிறது. உங்கள் வளவிலும் சோதித்துப் பாருங்கள்: ஒரு அடி ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாளும் நின்றால் அந்த இடத்துக்கு லவெண்டரோ சேஜோ வேண்டாம்.

தேங்கும் நீர் கொல்லும் என்பது உண்மை, வறட்சியும் கொல்லும். பசுமை மாறாத செடிகள் பெப்ரவரி வெயிலில் இலை வழியே நீரை இழக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுசெய்ய முடியாது. மார்ச்சில் தெற்குப் பக்கம் மட்டும் பழுப்பாகும் சீடர் வேலிகளுக்கு இதுவே காரணம். இவற்றுக்கு நவம்பரில் மண் உறையும்வரை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். இளம் செடியாயின் சணல் சாக்குத் துணியால் காற்று வரும் பக்கம் ஒரு திரை கட்டுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றாதீர்கள். பகலில் உள்ளே வெந்துவிடும்.

மூடாக்கைப் பற்றிப் பலரும் செய்யும் தவறு, அதைச் சீக்கிரம் இடுவது. மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பதன்று. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. மண் உறைந்தும் இளகியும் மாறி மாறி வரும்போது, புதிதாக நட்ட சிறு செடியை அது மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். மார்ச்சில் பார்த்தால் கிழங்கும் வேரும் வெளியே தெரியக் கிடக்கும். அப்படிக் கண்டால் உடனே உள்ளங்கையால் அழுத்தி மண் அணைத்துவிடுங்கள். மேல்மண் இறுகியபின், நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, நான்கு விரற்கிடை உயரத்துக்கு இலைச்சருகோ மரச்சீவலோ பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். எலி கூடுகட்டிப் பட்டையைக் கொறிக்கும்.

ரோசாவுக்கு மட்டும் முறை வேறு. ஒட்டுச் செடியில் ஒட்டுப்போட்ட முடிச்சே பலவீனமான இடம். அதை நடும்போதே மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே போகும்படி நட்டு, நவம்பரில் அடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்கு வேறிடத்து மண்ணைக் குவிக்க வேண்டும். இந்தப் பாடு வேண்டாம் என்றால் ருகோசா இனத்தையோ, ஒட்டாவாவில் பெலிசிற்றாஸ் ஸ்வேடா உருவாக்கிய எக்ஸ்புளோரர் வரிசை ரோசாக்களையோ நடுங்கள். கனடாவின் குளிருக்கென்றே பிறந்தவை அவை.

ஊர்ச் செடிகள்

மீண்டும் செவ்வரத்தைக்கு வருகிறேன். ஊரில் செவ்வரத்தை, செம்பருத்தி என்று நாம் சொல்லும் வெப்பநாட்டு இனம் வலயம் 9க்குக் கீழே நிற்காது. ஆனால் அதே குடும்பத்தில் வேறு இரண்டு இனங்கள் இங்கே வெளியில் வாழும். 'ரோஸ் ஒஃப் ஷரன்' என்று விற்கப்படும் புதர் வலயம் 5 வரை தாங்கும். ஓகஸ்டில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். மற்றது சதுப்புநில இனம். சாப்பாட்டுத் தட்டளவு பூக்கும், இதுவும் வலயம் 5இல் நிற்கும். கடையில் மூன்றையும் ஒரே பெயரில், அருகருகே வைத்து விற்பார்கள். இலையைப் பார்த்து அடையாளம் காணலாம்: ஊர்ச் செவ்வரத்தையின் இலை கரும்பச்சையாக, எண்ணெய் பூசியது போல மினுங்கும், மற்ற இரண்டின் இலைகளிலும் அந்த மினுக்கம் இல்லை. சந்தேகம் இருந்தால் அட்டையைத் திருப்புங்கள்.

தாமரையைப் பற்றிக் கேட்டால் பலர் வியப்பார்கள். வலயம் 5இலும் தாமரை வாழும், கிழங்கு உறையாதவரை. குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் கிழங்கு அந்தக் கட்டிக்குக் கீழே நீரில் இருந்தால் மே மாதத்தில் இலை எழும். தொட்டியில் வளர்ப்போர் பனிக்காலத்தில் தொட்டியை உறையாத நிலவறையில் வைக்க வேண்டும்.

சேம்பு, கல்வாழை, மஞ்சள் ஆகியவற்றைத் தோண்டி எடுத்து வைப்பதே வழி. முதல் உறைபனியில் சேம்பு, கல்வாழை இலைகள் கறுத்ததும் தண்டை ஒரு சாணுக்கு வெட்டி, கிழங்கைக் காயம்படாமல் தோண்டி, சில நாட்கள் நிழலில் உலர்த்தி, சற்றே ஈரமான மரத்தூளிலோ கரிப்பாசியிலோ (பீற் மொஸ்) புதைத்து நிலவறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மஞ்சளை உறைபனிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கை மூன்றும் வீட்டுக்குள் வர வேண்டியவை. உறைபனி வரும்வரை காத்திருப்பது தவறு. இரவு 10 பாகையை நெருங்கும் செப்டெம்பரிலேயே உள்ளே எடுங்கள். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். தாளில் விழும் புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப் பூச்சிகள். சோப்பு நீரால் இரண்டு முறை கழுவாமல் உள்ளே கொண்டுபோனால் சூடேற்றிய வறண்ட காற்றில் அவை பெருகிவிடும். தெற்கு யன்னலோரம் வையுங்கள். கறிவேப்பிலை டிசம்பரில் இலையுதிர்த்தால் மனம் பதைத்து நீரை அதிகமாக ஊற்றாதீர்கள். இங்கே இறக்கும் கறிவேப்பிலைகளில் பெரும்பாலானவை அழுகிய வேரால்தான் இறக்கின்றன. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின் மட்டும் நீர் விடுங்கள். பகல் நீளும் பெப்ரவரி, மார்ச்சில் நுனிகள் தளிர்க்கும். உரம் அதற்குப் பிறகே. ஜூனில் வெளியே வைக்கும்போது முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் கழித்தே முழு வெயில்.

அத்திக்கு ரொறன்ரோவின் இத்தாலியக் குடும்பங்கள் கண்ட வழியை நான் பக்கத்துத் தெருவில் நேரில் பார்த்திருக்கிறேன். நவம்பரில் ஒரு முதியவர் மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் அறுத்து, கிளைகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, மரத்தை மெதுவாக மறுபக்கம் சாய்த்து நீண்ட குழிக்குள் படுக்கவைத்தார். மேலே பலகை, சருகு, மண். ஏப்ரலில் மீண்டும் தூக்கி நிறுத்தினார். செப்டெம்பரில் வேலிக்கு மேலாக எனக்குக் கைநிறைய அத்திப்பழம் தந்தார்.

இளவேனிலில் அவசரம் வேண்டாம்

ஏப்ரலில் முதல் வெயில் கண்டதும் மூடாக்கை முழுவதும் வாரிவிடாதீர்கள். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக விலக்குங்கள். இலை விடாத புதரை இறந்ததென்று முடிவு செய்யும் முன் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். முதலில் நுனியில், பிறகு நடுவில், கடைசியாக அடியில். பழுப்பு எந்த இடத்தில் பச்சையாக மாறுகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். முழுவதும் பழுப்பென்றாலும் தரைக்கடியில் உயிர் இருக்கலாம்.

சதுப்புநிலச் செவ்வரத்தை விடயத்தில் இது இன்னும் முக்கியம். அதன் தண்டு ஒவ்வோர் ஆண்டும் தரைமட்டம் வரை இறந்துவிடும். மற்றெல்லாம் பச்சையாகி நிற்கும் மே கடைசியிலும் அதன் இடம் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறுமையைக் கண்டு, இறந்துவிட்டதென்று நினைத்து, அதே இடத்தைக் கொத்தி வேறு செடி நடுவோரை நான் பார்த்திருக்கிறேன். இலையுதிர்காலத்தில் பழைய தண்டை ஒரு சாண் உயரம் விட்டே வெட்டுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியும் நட்டுவையுங்கள். ஜூன் நடுப்பகுதி வரை அந்த இடத்தைத் தொடாதீர்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் காலையில், அந்தக் காய்ந்த தண்டுகளின் அடியில் செந்நிற முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வரும்.